அடுப்புச் சுவரும் ஆப்பிரிக்கக் கிழங்கும்

சத்தியம், சத்தியம், சத்தியம்! மாரியம்மன் மேல் சத்தியம். ஆயுசு பூராவும் என் தோளில் தொங்கிய கண்டக்டர் பை மேல் சத்தியம். இந்த வண்டியின் பிரேக் மேல் சத்தியம். மலைப்பாதையில் போகும்போது பிரேக் மேல் எவனும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான் தம்பி. நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யில்லை. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உண்மையைச் சத்தமாகச் சொன்னால் என்ன தப்பு?

பெட்டியில் என்ன என்றுதானே கேட்டீர்கள்? கிழங்கு. மூன்றே மூன்று கிழங்கு. என் மனைவி ரங்கநாயகியின் பழைய ஸ்வெட்டரில் சுற்றி வைத்திருக்கிறது. கோத்தகிரி போய்ச் சேருகிறவரை இது என் மடியை விட்டு இறங்காது. இந்த மூன்றும் செத்தால் அந்த ஜாதி என்னோடு முடிந்தது. அதனால் வளைவு வரும்போது என் மேல் சாயாதீர்கள். உங்கள் காலடியில் இருக்கிற சாக்கையும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்கள், கடகடவென்று சத்தம் போடுகிறது. பாத்திர வியாபாரமா? சரி, சரி, அதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

இது நம் ஊர்க் கிழங்கு இல்லை. தென்னாப்பிரிக்காவில் விளைகிறது. லாச்சனேலியா என்று பெயர். ரங்கநாயகிக்கு அது வாயில் நுழையாது, லட்சுமி என்றுதான் கூப்பிடுவாள். கூடலூர் வண்டியில் நான் கண்டக்டராக இருந்த காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் காகிதப் பொட்டலத்தை சீட்டில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். டிப்போவில் ஒப்படைத்தேன். ஒருத்தரும் தேடி வரவில்லை. மேனேஜர் முகர்ந்து பார்த்தார். "யோவ் சிங்காரம், சின்ன வெங்காயம்யா இது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சாம்பார் வை" என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். ரங்கநாயகி உரிக்க உட்கார்ந்தாள். ஒன்றை வெட்டினாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. "கண்ணு எரியலைன்னா இது வெங்காயம் இல்லைங்க" என்று அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டாள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் உள் பக்கம் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. அன்றைக்கு மட்டும் அவள் கண் எரிந்திருந்தால் நாங்கள் ஆப்பிரிக்காவைச் சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டிருப்போம்.

இந்தக் கிழங்குக்குக் குணமே தலைகீழ். ஊரில் உள்ள செடியெல்லாம் வெயிலில் பூக்கும், குளிரில் ஒடுங்கும். இது குளிர்காலத்தில் எழுந்து பூக்கும், கோடையில் படுத்துத் தூங்கும். தூங்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அழுகிவிடும். சரி, குளிரில் பூக்கிறதே, ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்ளும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. குளிர் வேண்டும், ஆனால் உறைபனி கூடாது. கல்யாண வீட்டில் காபி கேட்கிற சம்பந்தி மாதிரி. சூடாக இருக்கணும், ஆனால் நாக்கு சுடக்கூடாது.

ஊட்டி உறைபனியைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? ஒரு வருஷம் மார்கழியில் எங்கள் குழாயில் தண்ணீர் குடிக்க வந்த காக்கைக்கு மூக்கு குழாயோடு ஒட்டிக்கொண்டது. நான்தான் வெந்நீர் ஊற்றி விடுவித்தேன். அதிலிருந்து அந்தக் காக்கை மார்கழி பிறந்தால் குன்னூருக்குப் போய்விடுகிறது. அதே வாரம் நான் முகம் துடைத்தேன், மீசையில் இடது பக்கம் ஒடிந்து துண்டோடு வந்துவிட்டது. இப்போது நீங்கள் பார்ப்பது அப்புறம் வளர்ந்த மீசை. சிரிக்காதீர்கள், பிரேக் மேல் சத்தியம் செய்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட குளிரில் அந்தக் கிழங்கைப் பூக்க வைத்தவன் நான். எப்படி என்று கேளுங்கள். விசில்.

ஆமாம், கண்டக்டர் விசில். பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் கிழங்கைத் தொட்டியில் மண்ணுக்குள் வைப்பேன். தினமும் காலையில் தொட்டி முன்னால் நின்று டபுள் விசில். டபுள் விசில் என்றால் என்ன அர்த்தம்? போலாம் ரைட். தீபாவளிக்கு முன்னால் பச்சை மூக்கை நீட்டிவிடும். இலை முழுக்கச் சிறுத்தைக்குட்டி மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். பொங்கல் சமயத்தில் ஊரே பனியில் கருகிக் கிடக்கும், புல்லெல்லாம் வெந்த மாதிரி ஆகியிருக்கும். அப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் மட்டும் தண்டு தண்டாக எழும். மஞ்சளும் சிவப்புமாகச் சரவெடியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி பூ. கோடை வந்ததும் ஒரே ஒரு சிங்கிள் விசில். சிங்கிள் என்றால் நில். இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். வருஷா வருஷம் இப்படித்தான். விசில் சொன்னதை அது ஒரு தடவைகூட மீறியதில்லை.

தொட்டியெல்லாம் எங்கே வைத்திருந்தேன் என்றா கேட்கிறீர்கள்? அது முக்கியமில்லை. பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு பலகை, மேலே தகரம். அவ்வளவுதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி இருந்தது, விறகு அடுப்புப் பேக்கரி. தேவநேசன் என்று ஒருவர் நடத்திவந்தார். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுக்காரர்தான். அவர் கோயம்புத்தூர்வாசி.

என்ன, தேவநேசன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்? தெரியுமா? யாருக்குத்தான் தெரியாது, ஊட்டி முழுக்க அவருடைய வர்க்கி பிஸ்கட்தான். இருங்கள், இருங்கள், முடித்துவிடுகிறேன். நடுவில் பேசினால் எனக்குக் கோர்வை போய்விடும்.

தேவநேசன் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் அடுப்பு மூட்டுவார், உடைந்த வர்க்கியெல்லாம் தட்டில் போட்டுப் பின்வாசல் வழியாக நீட்டுவார். "கண்டக்டரே, டிக்கெட் வேண்டாம், ஏறிக்குங்க" என்பார். நானும் ஏறிக்கொள்வேன், தின்பேன். அது வேறு விஷயம். வருத்தம் என்னவென்றால் அவருடைய அடுப்பு. சுவர் ராத்திரியும் பகலும் கதகதவென்றிருக்கும். மழைக்காலத்தில் ரங்கநாயகி துணியை அந்தச் சுவரோரமாகத்தான் காயப்போடுவாள். பூனை அங்கேதான் குட்டி போடும். அவ்வளவு சூடு.

என் கிழங்கோ குளிர்ப் பிறவி. பக்கத்தில் அப்படி ஒரு சூடு இருந்தால் தாங்குமா? வருஷா வருஷம் கோடையில் இலை மஞ்சளாகும் என்றேனே, அதில் பாதி என் விசிலால் என்றால் மீதி அந்த அடுப்பால் என்று எனக்குச் சந்தேகம். அடுப்பு மட்டும் இல்லையென்றால் சித்திரை வரைக்கும் பூக்குமே, இரண்டு மடங்கு பூக்குமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ரங்கநாயகியிடம் சொன்னேன். "அந்தச் சூட்டுக்குத்தாங்க அது பொழைச்சுக் கெடக்கு" என்றாள்.

"உனக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்?"

"செடியைப் பத்தித் தெரியாது. சுவத்தைப் பத்தித் தெரியும்" என்றாள்.

பெண்கள் சில சமயம் இப்படித்தான், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், தொட்டபெட்டா தாண்டிவிட்டோம். போஜன் டீக்கடையில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். போஜன் கேட்டான், "என்ன கண்டக்டர், முகம் வாடியிருக்கு?" நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அடுப்புச் சூட்டுல எங்க பின்சுவர் ஒரு விரக்கடை புடைச்சிருக்கு போஜா. எப்ப சாயும்னு தெரியல. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."

புடைத்திருந்ததா என்றா கேட்கிறீர்கள்? பழைய சுவர் தம்பி. உற்றுப் பார்த்தால் எந்தச் சுவரும் கொஞ்சம் புடைத்த மாதிரிதான் தெரியும். நான் உற்றுப் பார்த்தேன்.

போஜன் மாதிரி நாணயஸ்தனை நீங்கள் பார்க்க முடியாது. நான் சொன்னேன் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. விஷயத்தை மட்டும் எல்லோரிடமும் சொன்னான். மார்க்கெட் போகும்போது ஒரு விரக்கடை ஒரு சாணாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு முழமாகிவிட்டது. சேரிங்கிராஸில் சுவர் ஏற்கெனவே சாய்ந்து ஓர் ஆட்டின் மேல் விழுந்துவிட்டது. நான் ஆட்டைப் பற்றிப் பேசவே இல்லை, அது வேறு யாரோ சேர்த்தது. ஊர் வாய் மோசம் தம்பி, பொய் சொல்ல அஞ்சுவதில்லை. கடைசியில் சலூனில் நான் முடிவெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரன் என்னிடமே சொல்கிறான்: "ஐயா, நீங்க அந்தச் சந்துப் பக்கம் போகாதீங்க. பேக்கரிச் சுவர் வயிறு தள்ளி நிக்குதாம். உள்ளே குடியிருக்கிற கிழவனுக்கு இன்னும் விஷயம் தெரியாதாம், பாவம்."

அன்றைக்கே கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன். ரங்கநாயகி, "எதுக்கு?" என்றாள். "ஊரே பேசுது, நெருப்பில்லாமலா?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாயை அந்தச் சுவரோரமாகவே விரித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் காதுக்கு ஆடு போய்ச் சேர்ந்தபோது அது கன்றுக்குட்டியாகியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து பதறிப்போய் வந்தார். சுவரை இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பயம் பிடித்துவிட்டது. "தேவநேசன், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலையில விடியும். அடுப்பை அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். விறகு அடுப்பு இல்லாமல் வர்க்கி ஏது? தேவநேசன் சாமானைக் கட்டிக்கொண்டு கோத்தகிரிக்குப் போய்விட்டார்.

போகிற அன்றைக்கு என் வீட்டுக்கு வந்தார். கையில் கடைசி அடுப்பில் வெந்த வர்க்கி. "கண்டக்டரே, எனக்கு யார் மேலயும் கோபமில்ல. ஆனா இந்தப் பேச்சை ஆரம்பிச்சு வெச்சது யாருன்னு தெரியணும். ஒண்ணும் செய்யமாட்டேன். அந்த மூஞ்சியை ஒரே ஒரு தடவை உத்துப் பார்க்கணும், அவ்வளவுதான்" என்றார். நான் வர்க்கியைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பாவியோ" என்றேன். ரங்கநாயகி அடுக்களைக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

சரி, இனிமேல் என் கிழங்குக்குப் பொற்காலம் என்று நினைத்தேன். அடுப்பு போயிற்று, சுவர் ஜில்லென்று ஆயிற்று. தென்மேற்கு மழை வந்தது. தொட்டியெல்லாம் அதே பலகையில், அதே தகரத்துக்குக் கீழேதான் இருந்தன. ஒரு சொட்டு நேராகப் படவில்லை. ஆனாலும் சுவர் வேர்த்தது, பலகை பூஞ்சை பூத்துப்போயிற்று. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதிக் கிழங்கு கொழகொழவென்று கையில் ஒட்டுகிறது. இத்தனை வருஷம் இல்லாதது! தேவநேசன் போகும்போது ஏதாவது மனசுக்குள் நினைத்துவிட்டுப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. நல்ல மனுஷன்தான், ஆனால் நல்லவர்கள் நினைப்புக்குத்தானே வேகம் அதிகம்.

மிச்சத்தைச் சதுர்த்திக்குப் பிறகு வைத்தேன். டபுள் விசில் அடித்தேன். முளைத்தது, அதில் குறையில்லை. மார்கழியில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் பலகை, தொட்டி, இலை எல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளை. வெயில் ஏறியதும் இலையெல்லாம் வேகவைத்த கீரை ஆகிவிட்டது. நான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சிங்கிள் அடிப்பதா டபுள் அடிப்பதா என்று தெரியவில்லை. எந்த விசிலுக்கு அது திரும்பி வரும்?

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். விசிலில் இருக்கிற பட்டாணி தேய்ந்துபோயிருக்கிறது. சத்தத்தில் பழைய அதிகாரம் இல்லை. புது விசில் வாங்கினேன், அதிலும் பலனில்லை. அப்புறம் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. அப்புறம் மண் மேல். அப்புறம் போஜன் மேல்.

ரங்கநாயகி எழுந்தாள். அடுக்களைக்குப் போய் அடுப்புக்குப் பின்னால் இருந்து ஒரு பழைய பால்பவுடர் டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அதற்குள் மூன்று கிழங்கு, மூன்றும் இலை விட்டு, அதில் ஒன்று பூவே விட்டிருந்தது. எப்போது எடுத்து ஒளித்து வைத்தாளோ தெரியாது.

"இது எப்படிடி பொழைச்சுது?" என்றேன்.

"நீங்க ஊதுற விசில் அடுக்களைக்குள்ள கேக்கலைங்க" என்றாள்.

அதைப் பற்றி நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கட்டபெட்டு வந்துவிட்டதா? சீக்கிரம் முடிக்கிறேன். அந்த டின்னும் ரொம்ப நாள் தாங்காது. எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு, சமையல் முடிந்தால் அதுவும் குளிர்ந்துவிடும். இன்னொரு மார்கழி வந்தால் மூன்றும் போய்விடும். அதனால் நாங்கள் கோத்தகிரிக்கே குடிபோகிறோம். ரங்கநாயகி முன்னாடியே போய் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். நான் கிழங்கைக் கொண்டுபோகிறேன். கோத்தகிரித் தண்ணீர் இந்தக் கிழங்குக்கு ஒத்துக்கொள்ளும் என்று என் கணிப்பு.

எந்த வீடு என்றா? தேவநேசனுடைய புதுப் பேக்கரிக்குப் பின்பக்கம் ஓர் அறை. அடுப்புச் சுவரை ஒட்டினாற்போல். தற்செயலாக அமைந்தது தம்பி. ரங்கநாயகிதான் தேவநேசன் சம்சாரம் ஜெபமணியிடம் போனில் பேசி முடித்தாள். நான் அதில் தலையிடவே இல்லை. தண்ணீருக்காகப் போகிறேன், அங்கே சுவர் இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

தேவநேசனும் போனில் வந்தார். "கண்டக்டரே, வாடகையெல்லாம் ஒரு பேச்சா? வாங்க, பழையபடி இருப்போம். ஒண்ணே ஒண்ணு. ஊட்டியில உங்களுக்குத் தெரியாத வாய் கிடையாது. அந்தச் சுவர்ப் பேச்சை ஆரம்பிச்சவன் யாருன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லிருங்க. அவன் தெரியற வரைக்கும் எனக்கு வர்க்கி மாவு பிசையறப்பகூட அதே நினைப்புத்தான்" என்றார். விசாரிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தீவிரமாக விசாரித்துக்கொண்டும் இருக்கிறேன். இதுவரைக்கும் ஒருத்தன் மேல்தான் சந்தேகம். அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ரொம்ப நாள் பழக்கம்.

ஆக, புரிகிறதா? தேவநேசனுக்கு விஷயம் தெரிந்தால் அறை போச்சு, சுவர் போச்சு. இந்த மூன்றும் கண் முன்னால் போகும். தெரியாமலிருந்தால் தைப் பொங்கலுக்கு மூன்று தண்டு பூ நிற்கும். உலகத்திலேயே இது எனக்கும் உங்களுக்கும் ரங்கநாயகிக்கும் வாயைத் திறக்காத அந்தப் போஜனுக்கும் மட்டும்தான் தெரியும். முகம் தெரியாத ஆளிடம் சொன்னால் மனசு லேசாகும், ஆபத்தும் இல்லை. அதனால்தான் பஸ்ஸில் சொல்கிறேன்.

அதோ மார்க்கெட் வந்துவிட்டது. நீங்களும் இங்கேதான் இறங்குகிறீர்களா? நல்லது, அந்தச் சாக்கை நான் ஒரு கை பிடிக்கிறேன். என்ன இது, இத்தனை தகர டின்? இது பாத்திரம் இல்லையே. ரொட்டி டின் மாதிரி இருக்கிறதே. எங்கிருந்து எடுத்துவருகிறீர்கள்? பழைய கடைப் பரணிலிருந்தா? எந்தப் பழைய கடை?

ஓ.

நீங்கள் தேவநேசனுக்கு மருமகனா?

போன மாதம் நடந்த கல்யாணமா? பத்திரிகை வந்தது. முட்டிவலி, வர முடியவில்லை. வந்திருந்தால் உங்கள் முகம் தெரிந்திருக்கும், இவ்வளவு பேசியும் இருக்க மாட்டேன். நீங்களாவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தீர்களா? நான்தான் விடவில்லையா? சரி, அதுவும் உண்மைதான்.

மாப்பிள்ளை, கொஞ்சம் இந்த ஓரமாக வாருங்கள். ஆரம்பத்தில் மூன்று சத்தியம் செய்தேன் அல்லவா? அதில் பிரேக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிதான் பத்திரமாக வந்து நின்றுவிட்டதே. மாரியம்மனையும் பையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது நான் சொன்னதில் எது உண்மை, எது கதை என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்கூட. முதல் தண்டு பூ உங்கள் மனைவிக்குத்தான். புது இடத்தில் ஜன்னலோரம் வைத்தால் தெருவே நின்று பார்க்கும்.

அதோ மாமனார் கடை வாசலில் நிற்கிறார். கையாட்டுகிறார். நீங்களும் ஆட்டுங்கள், சாதாரணமாக ஆட்டுங்கள். விசாரணை என்ன ஆச்சு என்று கேட்டால், ஒரு காக்கை சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்று சொல்லுங்கள். குழாயில் மூக்கு ஒட்டிக்கொண்டதே, அதே காக்கை. குன்னூரில் இருக்கிறது, அவர் தேடிப் போய் அதன் மூஞ்சியை உற்றுப் பார்க்கப்போவதில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் மாப்பிள்ளை, ஆட்டைக்கூடச் சேர்த்துச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.